பாதி ஸ்டாமினா

நான் இப்போது வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்கில், டாக்டரம்மா ஒரு நாளைக்கு எப்படியும் பத்து தடவை ‘ஸ்டாமினா’ என்று சொல்லிவிடுவார். பாளையங்கோட்டையில் முட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் பஞ்சமே இல்லை. வருகிறவர்களிடமெல்லாம், “தினம் பத்து நிமிஷம் நடங்க. பெறவு உக்காந்து மூச்சு வாங்கிக்கிடுங்க. அடுத்த வாரம் பதினஞ்சு நிமிஷம். ஸ்டாமினா பையத்தான் வரும்” என்பார். நல்ல மனுஷி. அவர் சொல்வதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கெண்டைக்கால் இறுகும். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவேன்.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது திருநெல்வேலி டவுணில், ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில். அங்கே சேலைப் பிரிவில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆறு வருஷம் நின்றேன் என்று சொல்வதுதான் சரி. காலை ஒன்பதரைக்கு ஏறினால் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் உட்காரலாம். அதற்குப் பிறகு கடை அடைக்கும் வரை கால்தான், தரைதான். இருபது பெண்கள் அப்படி நின்றோம். எங்களுக்கு மேலே சூப்பர்வைசராக ஒருத்தி நின்றாள்.

அவளை ‘அவர்’ என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. பெயரைச் சொல்லி எழுதவும் பிடிக்கவில்லை. கடையில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம், அதையே வைத்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். ராதாபுரம் பக்கம் ஊர். அந்தப் பக்கத்துப் பனைமரம் மாதிரியே ஒல்லியாக, நிமிர்ந்து நிற்பாள். மாடிப்படி முடியும் இடத்தில் நின்றால் இருபது பேரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம், அங்கேதான் நிற்பாள். சுவரில் சாய மாட்டாள், கவுண்டரில் கை ஊன்ற மாட்டாள். எங்களுக்காவது சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சு உண்டு. அக்கா அப்போதும் டிபன் பாக்ஸை ஜன்னல் திண்டில் வைத்து நின்றபடியே சாப்பிடுவாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் ஆயிரத்து ஐநூறு மீட்டர் ஓடியவளாம். மாவட்டத்தில் இரண்டாவதாக வந்த சர்ட்டிபிகேட் வீட்டில் இருக்கிறது என்பாள். ஓட்டமும் படிப்பும் பத்தாவதோடு நின்றுபோய்விட்டன. அந்த மைதானத்திலிருந்து அவள் கடைக்குக் கொண்டுவந்தது ஸ்டாமினா என்ற அந்த ஒரு சொல்லைத்தான்.

அதை எதற்கெல்லாம் சொல்வாள் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு எரிகிறது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணிடம் படிப்பைப் பற்றிக் கேட்க மாட்டாள். “நிப்பியா? ஸ்டாமினா உண்டுமா?” அவ்வளவுதான் இண்டர்வியூ. மாதவிடாய் வலியில் ஒருத்தி முகம் வெளிறி நின்றால், “இதெல்லாம் மைல் கணக்குல ஓடயில வாரதுதாம்ட்டி. தம் கட்டிட்டு நில்லு. தன்னால ஸ்டாமினா வந்துரும்.” மத்தியானத்துக்கு மேல் இரண்டாவது தடவை கழிப்பறைக்குக் கிளம்பினால், “தண்ணியக் கொறச்சுக் குடிங்கட்டி. அடக்கதும் ஸ்டாமினாதான்.” ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் மூச்சு முட்டும்போது இரண்டு தடவை கை தட்டி, “இன்னைக்குத் தெரிஞ்சுரும், யாருக்கு எவ்வளவு ஸ்டாமினான்னு” என்பாள். குடிகாரப் புருஷனிடம் அடி வாங்கி, கன்னம் வீங்கி வந்தவளிடமும் அதையேதான் சொன்னாள்.

இதில் பெரிய கேவலம், முதல் இரண்டு வருஷம் எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், “எங்க வேலைக்கு ஸ்டாமினா வேணும்மா, எல்லாராலயும் முடியாது” என்று பீற்றிக்கொண்டேன். கால் வீங்கி, கொலுசைக் கழற்ற முடியாமல் சோப்புப் போட்டு இழுத்துக்கொண்டே பீற்றினேன். என்னை நானே அறைய வேண்டும்.

அக்கா கெட்டவள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் எனக்கு வேலை சுலபம். அப்படியும் முடிக்க முடியவில்லை. ஊருக்குப் போய் வந்தால் ஒரு டப்பா நிறையக் கருப்பட்டி கொண்டுவருவாள். சாயங்காலம் நாலு மணிக்கு, கூட்டம் கொஞ்சம் அடங்கும் நேரம், கவுண்டர் கவுண்டராக வந்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பாள். “வாயில ஒதுக்கிக்கிடு. முதலாளிக்குத் தெரியாண்டாம்” என்பாள். எங்கள் மொத்த நாளில் இனிப்பாக இருந்தது அந்த ஒன்றுதான்.

அதே கைதான் கீழ்த்தட்டையும் காலி செய்தது. அது என்னவென்றால், கவுண்டருக்குப் பின்னால் தரையோடு ஒட்டி ஒரு தட்டு உண்டு. கால் தாங்க முடியாதபோது நாங்கள் அதில் சேலை தேடுவதுபோலக் குத்தவைத்து உட்காருவோம். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். கேமராவில் வேலை செய்வதுபோலத்தான் தெரியும். எங்களுக்குக் கடையில் இருந்த ஒரே ஓய்வு அது. அக்காவுக்கு அது தெரிந்துபோயிற்று. யாரையும் திட்டவில்லை, முதலாளியிடம் சொல்லவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் எல்லாக் கீழ்த்தட்டும் துடைத்து வைத்தமாதிரி காலி. சேலையெல்லாம் இடுப்புக்கு மேலே ஏறியிருந்தது. “இனிமே யாரும் குனிஞ்சு தேடாண்டாம்” என்றாள், ஏதோ எங்களுக்கு உபகாரம் செய்தவள் போல.

கீழே பட்டுப் பிரிவு. அங்கே வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. விற்கிற ஆண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் பட்டை விரித்துக் காட்டுவார்கள். ஒரு நாள் நான் கேட்டேவிட்டேன்.

“யக்கா, பட்டு விக்கவனுக்கு மட்டும் ஸ்டாமினா வேண்டாமா?”

“பட்டை உக்காந்துதாம்ட்டி விரிக்கணும். அது அந்தக் காலத்துலேருந்து அப்படித்தான்.”

“அப்ப காட்டன் சேலைக்கு உக்காரத் தெரியாதாக்கா?”

“வாயை அளக்காத. கஸ்டமர் வாராவ, பாரு.”

எங்கள் கவுண்டரில் என் பக்கத்தில் நின்றவள் இசக்கியம்மாள். பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அதிர்ந்து பேசத் தெரியாத பிள்ளை. அவள் முழுகாமல் இருந்தாள். கடையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை உண்டானவள் ஒன்பதாம் மாசம் வரை வேலைக்கு வந்தால்தான் பெற்ற பிறகு திரும்ப எடுப்பார்கள். இடையில் நின்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். இசக்கிக்கு அந்த வேலை வேண்டும், அந்தப் பிள்ளையும் வேண்டும். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அதனால் அவள் கேட்டதெல்லாம் மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிஷம் உட்கார ஓர் இடம். அதையும் நேராகக் கேட்கத் தைரியமில்லாமல் என்னிடம் சொன்னாள். நான் போய் அக்காவிடம் கேட்டேன்.

“எங்க ஊர்ல ஒம்போது மாசமும் பொம்பளைங்க தண்ணிக் கொடம் தூக்குதாளுவ. நிக்கதுல என்ன வந்துரும்? நின்னாத்தான் பேறு லேசா ஆவும். ஸ்டாமினாவ விட்டுராண்டாம்னு சொல்லு” என்றாள் அக்கா.

இசக்கி தலையை ஆட்டிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி ஃபோனில் அந்தச் செய்தியைக் காட்டினாள். நாங்கள் சுற்றி நின்று வாசித்தோம். இசக்கி இரண்டு தடவை வாசித்தாள். மறு வாரமே சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்து இறங்கின. காலில் சுற்றிய பாலிதீன் கூடப் பிரிக்காமல் அப்படியே மாடிப்படிக்கு அடியில் அடுக்கினார்கள். “லேபர் ஆபீசர் வாரப்ப எடுக்கணும்” என்றாள் அக்கா.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் எங்களுக்கு உட்காரப் பயிற்சி நடந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே நடந்தது. அக்கா கை தட்டியதும் கவுண்டருக்கு ஒருத்தி ஸ்டூலில் உட்கார வேண்டும். உட்கார்ந்தோம். எல்லோரும் ஸ்டூலின் நுனியில், பஸ்ஸில் முன்பின் தெரியாதவன் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. அக்கா ஒவ்வொரு கவுண்டராகப் பார்த்துக்கொண்டு வர, அவள் பக்கத்தில் வந்ததும் ஒவ்வொருத்தியாக எழுந்துகொண்டே இருந்தோம். நாங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. மேலிருப்பவர் வந்தால் எழுந்துவிடும் கால்கள் அவை.

“உக்காரவும் தெரியலியேட்டி ஒங்களுக்கு!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாலைந்து தடவை திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாள்.

மறுநாள் அதிகாரி வந்தார். எங்கள் கவுண்டரில் உட்கார வைக்கப்பட்டவள் இசக்கி. ஏழாவது மாசத்து வயிறு, பார்க்க நன்றாக இருக்கும் என்று அக்காதான் தேர்ந்தெடுத்தாள். அதிகாரி நின்று விசாரித்தார்.

“எத்தனை மாசம்மா? உட்கார விடுதாங்களா?”

இசக்கி அக்காவைப் பார்த்தாள். “விடுதாங்க சார்” என்றாள்.

நான் இரண்டு முழ தூரத்தில் நின்றிருந்தேன். ‘பொய் சார்’ என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சொல்லவில்லை. மற்றவர்கள்மேல் எனக்கிருக்கும் ஆத்திரத்தையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும், என்மேல் இருக்கும் ஆத்திரம்தான் கனம்.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் அக்கா இரண்டு தடவை கை தட்டினாள். ஸ்டூல்கள் மறுபடி மாடிப்படிக்கு அடியில் போயின. இசக்கி மட்டும் தன் ஸ்டூலை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“யக்கா, இது ஒண்ணு மட்டும் இங்கன கெடக்கட்டுமே.”

“ஒனக்கு விட்டா நாளைக்கு எல்லாவளும் கேப்பாளுவ. இன்னும் ரெண்டே மாசம்ட்டி. ஓட்டத்துல கடைசி ரவுண்டுல போய் நிப்பாட்டுவாங்களா? ஸ்டாமினாவ விட்டுராத.”

சொல்லிக்கொண்டே பைய அவள் விரல்களைப் பிரித்து ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனாள். முரட்டுத்தனமாகப் பிடுங்கியிருந்தால்கூட நான் இவ்வளவு ஞாபகம் வைத்திருக்க மாட்டேன்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. படியிறங்கிப் போய் ஒரு ஸ்டூலை உருவி மேலே கொண்டுவந்து போட்டேன். இசக்கி பயந்துபோய் உட்கார மாட்டேன் என்றாள். “அப்ப நான் உக்காருதேன். அக்கா என்ன செய்யுதான்னு பாப்போம்” என்று நான் உட்கார்ந்தேன். கடையே என்னைப் பார்த்தது. அக்கா வந்து முன்னால் நின்றாள்.

“எந்திரி.”

“மாட்டேன்.”

“எந்திரிட்டி. முதலாளி கேமராவுல பாக்காரு.”

“பாக்கட்டும்.”

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கல்யாண வீட்டுக் கூட்டம் ஒன்று மேலே ஏறி வந்தது. “வாங்கம்மா, என்ன பாக்கிய? காட்டனா, சில்க் காட்டனா?” என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். நான் எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்றே எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் ஸ்டூல் அக்காவின் கையில் இருந்தது.

“பாத்தியா, ஒனக்குள்ளயும் ஸ்டாமினா ஏறிட்டு” என்றாள். அவள் கேலி செய்யவில்லை. மெச்சித்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது.

பதினோரு நாள் கழித்து, மேல்தட்டில் இருந்த சேலையை எடுக்கக் கையை உயர்த்திய இசக்கி அப்படியே சரிந்து விழுந்தாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. அன்றைக்குத்தான் அக்கா ஓடிப் பார்த்தேன். இசக்கியை நானும் இன்னொருத்தியும் தாங்கிப் படியிறக்குவதற்குள், அக்கா சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து ஓடி, ஆட்டோவை மறித்துக் கூட்டிவந்துவிட்டாள். அந்த வயசிலும் என்ன ஓட்டம்! சேலைக்கு வெளியே தெரிந்த அவள் காலில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நரம்பு நீலமாக முறுக்கிக்கொண்டு புடைத்திருந்தது. அத்தனை வருஷமும் தரை தொடக் கட்டிய சேலைக்குள் அதைத்தான் மறைத்து வைத்திருந்தாள்.

பிள்ளை குறைமாசத்தில் பிறந்தது. உள்ளங்கையில் அடங்குகிற பெண்பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நின்றதால்தான் இப்படி ஆயிற்று என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை.

நாலாம் நாள் காலையில், நான் இசக்கிக்குத் துணையாக இருந்தபோது, அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள், கையில் கருப்பட்டிப் பொட்டலத்தோடு. பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. உட்காரவில்லை. கண்ணாடி வழியே வெகுநேரம் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு இசக்கியிடம் வந்து, “பயப்படாத. இந்தப் பிள்ளைக்கு ஸ்டாமினா உண்டும்ட்டி. நான் சொல்லுதேன், பொழச்சுக்கிடும்” என்றாள்.

இசக்கி படுத்தபடியே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் அக்காவின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

“ஸ்டாமினான்னா என்னதுக்கா?”

“என்னட்டி கேக்க?”

“அர்த்தம் கேக்கேன். ஒங்களுக்கு யாரு சொல்லித் தந்தா? என்னன்னு சொல்லித் தந்தா?”

அக்கா மெதுவாகச் சொன்னாள்.

“எங்க பி.டி. சாரு. கிரவுண்டுல அஞ்சு ரவுண்டு ஓட விடுவாரு. ஓடி முடிச்சா எல்லாரையும் மண்ணுல படுக்கச் சொல்லி, ரெண்டு காலையும் ஸ்கூல் சுவத்துல தூக்கி வைக்கச் சொல்லுவாரு. எந்திரிச்சா திட்டுவாரு. ஓடுதது பாதி, படுக்கது பாதி, ரெண்டும் சேந்தாத்தாம்ட்டி ஸ்டாமினாம்பாரு.”

“அப்ப அந்த ரெண்டாவது பாதி?”

அக்கா குனிந்து சேலையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டாள்.

“எங்ககிட்ட ஏன்க்கா அதச் சொல்லல?”

“சொல்லி? படுக்க எடம் யாரு தருவா, முதலாளி தருவாரா? இல்லாததச் சொல்லி ஒங்களுக்கு ஏக்கத்த உண்டாக்கதுக்கா? பாதியாவது இருக்கட்டும்னுதான் சொன்னேன்.”

அதுவரை அவள் தெரியாமல் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஏதோ பட்டிக்காட்டு ஓட்டக்காரி, ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு அர்த்தம் முழுசாகத் தெரிந்திருக்கிறது. முதலாளிக்கு எந்தப் பாதி வேண்டுமோ அந்தப் பாதியை நறுக்கி எங்களுக்கு ஊட்டியிருக்கிறாள். “நீங்க நல்லாருப்பியளா?” என்று கத்தினேன். நர்ஸ் வந்து எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னாள்.

அடுத்த வாரம் நான் கடையை விட்டுவிட்டேன். இசக்கியைக் கடை திரும்ப எடுக்கவில்லை; ஒன்பதாம் மாசம் வரை நிற்கவில்லையே. பிள்ளை பிழைத்துக்கொண்டது. இப்போது பால்வாடிக்குப் போகிறது. அக்கா சொன்னது பலித்துவிட்டதே என்று அதிலும் எனக்கு ஒரு கோபம்.

போன மாதம் ஒரு நாள் முற்பகலில் கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். இரண்டு காலிலும் கட்டு. ஒரு காலில் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகியிருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நடைப் பயிற்சிக்காக எழுதி அனுப்பியிருந்தார்கள். நாலு வருஷத்தில் அவளுக்குப் பத்து வயசு கூடியிருந்தது. சீட்டை நீட்டிய பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

“நீயாட்டி?”

“நான்தான். கடைக்குப் போகலியா?”

“கால்ல கட்டோட நின்னா கஸ்டமரு ஒரு மாதிரி பாக்காவ. முதலாளி கூப்ட்டு, நீ போயி நல்லா ரெஸ்ட் எடும்மான்னு சொல்லிட்டாரு” என்றாள். பிறகு, “இசக்கி பிள்ள?” என்று கேட்டாள்.

“நல்லாருக்கா.”

டாக்டரம்மா அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைக்கச் சொன்னார். “தினம் மூணு வேளை, பதினஞ்சு பதினஞ்சு நிமிஷம் இப்படிப் படுங்க. தெரிஞ்சுதா?”

“இது தெரியும் டாக்டர். சின்னதுலயே தெரியும்” என்றாள் அக்கா.

“தெரிஞ்சிருந்தா ஏன் செய்யல?”

அக்கா தலையைத் திருப்பி, ஃபைலோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

நாலு வருஷமாக அவளுக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வசவு கொஞ்சமில்லை. பஸ்ஸில் போகும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தவை. எல்லாம் நாக்கு வரைக்கும் வந்தன. ஃபைலை வைத்துவிட்டு வெளியே வரவேற்பறைக்கு வந்து பார்த்தால், பயிற்சிச் சீட்டுக்காகக் காத்திருந்த அக்கா ஆறு நாற்காலி காலியாகக் கிடக்கச் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். கட்டுப் போட்ட காலில், சாயாமல், நிமிர்ந்து.

“உக்காருங்கக்கா!” என்று கத்திவிட்டேன். “உக்காந்து தொலைங்க!”

திடுக்கிட்டு உட்கார்ந்தாள், நாற்காலியின் நுனியில். நானும் போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அப்போது கதவு திறந்தது. கைத்தடியோடு ஒரு பெரியவர் உள்ளே வந்தார்.

நாங்கள் இருவரும் எழுந்து நின்றோம்.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தச் சொல்லைச் சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் அங்கேயே வைத்துத் திட்டித் தீர்த்திருப்பேன். அவள் சொல்லவில்லை.

“ஒனக்கும் இன்னும் போவலியாட்டி?” என்று கேட்டாள்.